ஏற்காட்டில் நிற்கும் கான்டெஸாவை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி இது: "எங்கள் பெரியப்பாவின் ஏற்காடு எஸ்டேட் ஷெட்டில் 1980-களின் கடைசியில் வாங்கிய கான்டெஸா கார் ஒன்று பத்து வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் வைத்து நானே சரிசெய்ய ஆசை. என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதானே? முடிந்தால் எட்டு சிலிண்டர் உள்ள ஒரு வி8 என்ஜினை ஏற்றி நிஜமான மசில் கார் ஆக்கலாமா?"

முடியும், செய்யுங்கள். ஆனால் என்ஜின் ஸ்டார்ட் ஆவது பாதி வேலை இல்லை, கால் வேலைகூட இல்லை. பழைய கான்டெஸாவில் உங்கள் பணமும் பொறுமையும் போகப்போவது துருவில். என்ஜின் எவ்வளவு கெட்டிருந்தாலும் இந்த ஊரில் ஒரு நல்ல லேத்காரர் அதை உயிர்ப்பித்துத் தந்துவிடுவார். அடித்தட்டு தின்று போயிருந்தால்தான் வண்டி எடுப்பதா விடுவதா என்ற கேள்வியே வரும்.

வி8 ஆசையை முதலில் முடித்துவிடுகிறேன். மசில் கார் என்ற பெயர் அமெரிக்காவில் 1964-ல் வந்த போன்டியாக் ஜிடிஓ மாதிரியான வண்டிகளோடு சேர்ந்து வளர்ந்தது. நடுத்தர உடம்பு, அதில் 6.4 லிட்டர் வி8, சாதாரண அமைப்பிலேயே 325 குதிரைத்திறன். நம் கான்டெஸா இங்கிலாந்தின் வாக்ஸால் விஎக்ஸ் காரின் உடம்பில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்தது. நீளமான பானெட், பின்சக்கர ஓட்டம், அகன்ற முகம் எல்லாம் சேர்ந்து நம்மூரில் அதற்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆரம்பகால வண்டிகளில் உள்ளே இருந்ததோ அம்பாசடரின் 1489 சிசி என்ஜின்தான், 50 குதிரைத்திறன் பக்கம். அதில் வி8 ஏற்றினால் கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், பிரேக் என்று ஒவ்வொன்றாகத் தாங்காது. அதற்கும் மேலே, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு ஆர்சியில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. என்ஜின் மாற்றம் பதிவில் ஏறாத வண்டிக்கு எஃப்சி என்கிற தகுதிச் சான்று கிடைக்காது, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கையை விரித்துவிடும். இருக்கிற என்ஜினையே சுத்தமாகக் கட்டுங்கள்.

எந்த என்ஜின் இருக்கிறது என்பது முக்கியம், ஏனென்றால் 80-களின் கடைசி வண்டி இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஆர்சியில் 1489 சிசி என்றால் பிரிட்டனின் பிஎம்சி நிறுவன வடிவமைப்பில் வந்த அம்பாசடர் என்ஜின். 1817 சிசி என்றால் ஜப்பானின் இசுசூ என்ஜின், ஐந்து கியர், திறன் 85-ஐத் தாண்டும். இரண்டுக்கும் உதிரிபாகம் தேடிப் பிடிக்கலாம். இசுசூ என்ஜினும் பிறகு அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட்டில் வந்ததால் தப்பித்தோம். கிடைக்காதவை கிரில், பின் விளக்குக் கண்ணாடி, கதவு பீடிங், உள்ளலங்காரம் இவைதான். கான்டெஸா 2002-லேயே நின்றுவிட்டது. ஆகவே உங்கள் வண்டியில் உடைந்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் பட்டனைக்கூட மாற்று கையில் வரும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

ஒரு போல்ட் வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது காகிதம். சேஸிஸ் எண் அடித்திருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, மேலே வெள்ளைத் தாள் வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். அது ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பெரியப்பா உயிரோடு இருந்தால் பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். இறந்துவிட்டார் என்றால் வாரிசு மாற்றத்துக்கு 31. பதினைந்து வருஷம் தாண்டிய சொந்த காருக்கு ஆர்சியைப் புதுப்பித்தால் ஐந்து வருஷம் செல்லும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது, இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக ஏறியது. இதோடு பசுமை வரியும் உண்டு. "வின்டேஜ் என்று பதிவு செய்தால் தலைவலி இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். அதற்கு வண்டி ஐம்பது வயதைத் தாண்டியிருக்க வேண்டும், அதனால் 2034-க்கு முன்னால் எந்தக் கான்டெஸாவுக்கும் அந்தக் கதவு திறக்காது. திறந்தாலும் அந்த எண்ணில் தினசரி ஓட்ட முடியாது.

சரி, வண்டியைக் கீழே கொண்டுவருவோம். ஷெட்டிலேயே பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்கலாம் என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். வேண்டாம். காரணத்தை என்ஜின் பகுதியில் சொல்கிறேன். ஓட்டியோ கயிறு கட்டி இழுத்தோ இறக்கவும் கூடாது. ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை, பத்து வருஷம் தண்ணீர் குடித்த பிரேக் ஆயில். வண்டியை முழுசாக மேலே ஏற்றிக் கட்டுகிற ரெக்கவரி லாரிதான் ஒரே வழி. ஏற்றும்போது சக்கரம் பிரேக் டிரம்மோடு பிடித்துக்கொண்டிருந்தால் இழுத்துப் பிய்க்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, டிரம் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மரச்சுத்தியால் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

இனி துரு. ஏற்காட்டு ஷெட்டில் நின்ற வண்டியைச் சேலம் வெயிலில் நின்ற வண்டி மாதிரி எடைபோட முடியாது. சேலத்தில் பெயிண்ட் வெளுக்கும், டாஷ்போர்டு வெடிக்கும், ஆனால் தகடு பிழைத்துக்கொள்ளும். மேலே மூடுபனியும் ஈரமும் மாதக்கணக்கில் விடாது. கான்டெஸா மோனோகாக், அதாவது தனி சேஸிஸ் சட்டம் கிடையாது, உடம்பின் தகடே எலும்பு. ஆகவே ஓட்டை விழுந்தது மட்கார்டிலா, கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியிலா என்பதைப் பொறுத்து கதையே மாறும். மட்கார்டு ஓட்டை வெறும் அசிங்கம், சில் ஓட்டை ஆபத்து.

பார்க்கும் முறை எளிது. ஒரு காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச் போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில், சக்கர வளைவு, கதவின் கீழ் விளிம்பு வழியாக நகர்த்துங்கள். பிடிப்பு எங்கே விடுகிறதோ அங்கே பெயிண்டுக்கு அடியில் ஓட்டையை மறைத்துப் பூசிய பட்டி. அப்புறம் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீர் என்று பேசும், தின்றுபோன தகடு தொப் என்று விழும். தொப் என்ற இடத்தில் முனையால் குத்தினால், பல தடவை முனை உள்ளே போய்விடும். உள்ளே இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பையும் அடியில் இருக்கும் சணல் மெத்தையையும் முழுக்கத் தூக்குங்கள். டிரைவர் கால் வைக்கும் மூலை, ஜாக்கி வைக்கும் இடங்கள், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள் எல்லாவற்றையும் பாருங்கள். கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் தொட்டியில் சில்வர் ஓக் சருகு மக்கி அடைத்திருக்கும். வடிகால் அடைபட்டதால் அங்கே தேங்கிய தண்ணீர்தான் கால் வைக்கும் தரையைத் தின்றிருக்கும். தரையை ஒட்டுப்போட்டுவிட்டு வடிகாலை மறந்தால் இரண்டு மழையில் அதே இடம் மறுபடி போகும்.

சில், ஜாக்கி இடங்கள், முன் சஸ்பென்ஷன் பிடிக்கும் தகடுகள் மூன்றும் ஒருசேரப் போயிருந்தால், நான் அந்த வண்டியை உதிரிபாகத்துக்கு விற்கச் சொல்வேன். பாசத்துக்கு விலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தகட்டுக்கு உண்டு. தரையும் சில்லின் ஒரு பக்கமும் மட்டும் என்றால் தாராளமாக இறங்கலாம்.

சில்லை வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்ட் அடியுங்கள். அதற்கும் முன்னால், கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பல இடங்களில் அளந்து தாளில் எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் வெட்டினால் உடம்பு நடுவில் தொய்யும், புது சில் போட்டு முடித்த பிறகு கதவு சாத்தாது. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் சாத்தாத கதவின் விளிம்பைக் கிரைண்டரில் சீவி உள்ளே நுழைத்தார். அந்த வண்டியை இன்றும் பின்னாலிருந்து பார்த்தால் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

ஒட்டுப்போடத் தகடு வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனால், சேலத்துக்காரர்களுக்கே உரிய ஒரு சபலம் வரும். நம்மூர் உருக்காலை எவர்சில்வர் தகட்டுக்குப் பெயர் பெற்றது, துருவே பிடிக்காது, அதையே போட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். போடாதீர்கள். எவர்சில்வரும் சாதா இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டு நின்றால் சுற்றியுள்ள பழைய இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். புது ஒட்டு பளபளவென்று நிற்க, அதன் விளிம்பில் வண்டி கரையும். 20 கேஜ் சிஆர்சிஏ (குளிர்நிலையில் உருட்டிப் பதப்படுத்திய சாதா இரும்பு) தகடு கேட்டு வாங்குங்கள், அதுதான் வளையும், சரியாக ஒட்டும். சிஓ2 வெல்டிங் என்று பட்டறைகளில் சொல்கிற மிக் வெல்டிங்தான் இதற்கு ஏற்றது. ராடு வைத்து ஆர்க் அடித்தால் இவ்வளவு மெல்லிய தகடு ஓட்டையாகும், கேஸ் வெல்டிங் சூட்டில் நெளியும். நீளமாக ஒரே கோடு இழுக்காமல் இங்கே ஒரு டேக் (சிறு பொட்டு வெல்டிங்), எதிர்க்கோடியில் ஒரு டேக் என்று மாற்றி மாற்றிப் போட்டு, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பொறுமை இல்லாதவர்கள் வெல்டிங்கை வெளியே கொடுத்துவிடலாம், தப்பே இல்லை. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கும் போர்வெல் ரிக் வண்டிக்கும் பாடி கட்டுகிறவர்களின் கை வேறு ரகம். ஆனால் அவர்கள் கனமான தகட்டுக்குப் பழகியவர்கள், மெல்லிய தகட்டில் வேலை செய்கிற ஆளா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டு முடிந்ததும் துத்தநாக பிரைமர், இணைப்புகளில் சீலன்ட், பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு அல்லது துருத்தடுப்பு எண்ணெய். வெளியே எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் சில்லின் உட்புறம் வெறும் தகடாக இருந்தால் துரு உள்ளேயிருந்துதான் கிளம்பும். வெல்டிங் நடக்கும்போது பேட்டரி இணைப்பும் பெட்ரோல் டேங்கும் வண்டியில் இருக்கக் கூடாது. டேங்க் காலியாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை நம்பாதீர்கள், செங்கல்லையும் நம்பாதீர்கள், நாலு இரும்பு ஸ்டாண்ட் வாங்கிப் போடுங்கள்.

என்ஜினுக்கு வருவோம். பத்து வருஷம் நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும், வால்வு சிக்கியிருந்தால் 1489 என்ஜினில் அதைத் தள்ளும் புஷ்ராடு வளையும். நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் என்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஊற்றி, ஒரு வாரம் மறந்துவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். முரண்டு பிடித்தால் மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். தாராளமாகச் சுற்றினால் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃபில் சுற்றவிட்டு ஆயில் மேலே ஏறுகிறதா பாருங்கள். அதன் பிறகு கம்ப்ரெஷன் அளவு. நாலு சிலிண்டரும் 120 பிஎஸ்ஐ-க்கு மேல், ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் என்ஜினைப் பிரிக்காதீர்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் ஒரு வேலையைச் சேர்த்தே செய்யுங்கள். 1489 என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் பிறந்தது. பெட்ரோலில் இருந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. இந்தியா முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் 2000 பிப்ரவரியில் வந்துவிட்டது. கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் சீட் வளையங்களை லேத்தில் அடித்துப் பொருத்திவிட்டால் இந்தக் கவலை தீரும். ஆயில் 20டபிள்யூ-50 மினரல் போதும், விலை உயர்ந்த சிந்தடிக் இந்தப் பழைய சீல்களுக்கு வேண்டாம்.

பெட்ரோல் வழியை முழுக்க மாற்றுங்கள். பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் எதுவும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கை அரையாக வைத்து மாதக்கணக்கில் நிறுத்தவும் கூடாது. ரேடியேட்டர் செம்பு பித்தளையாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியம் வாங்காதீர்கள். லாரிக்காரர்களை நம்பிப் பிழைக்கும் ரேடியேட்டர் கடைகள் சேலத்தில் இருக்கின்றன, மேல்தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து சால்டர் வைத்துத் தருவார்கள்.

பிரேக்கில் பழசு எதையும் மிச்சம் பிடிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் புதுசு அல்லது புது ரப்பர் கிட். பிரேக் ஆயில் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் குழி குழியாக அரித்திருக்கும். குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் போட்டால் சில வாரத்தில் ஒழுகும். விரல் நகத்தை உள்ளே ஓட்டிப் பாருங்கள், நகம் தடுக்கினால் சிலிண்டரை மாற்றுங்கள். டயர் பார்க்க எவ்வளவு புதுசாக இருந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத் தேதியைப் படியுங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். உங்கள் வண்டியில் இருப்பது எதுவானாலும் குப்பைக்குத்தான். ஒயரிங்கில் எலி கடித்த இடத்தை மட்டும் டேப் சுற்றி ஒட்டவைக்க ஆசை வரும், முழு ஒயர்க்கட்டையும் (ஹார்னஸ்) புதிதாகக் கட்டிவிடுவது நல்லது.

பெயிண்டை வீட்டில் அடிக்காதீர்கள். இன்றைய இரண்டு பாகம் கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. துணி முகமூடியோ சாதா மாஸ்க்கோ அதைத் தடுக்காது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயும் அஸ்தம்பட்டித் தெருவில் அதைத் தெளிப்பது நியாயமும் இல்லை. பட்டி தேய்ப்பு, பிரைமர் தேய்ப்பு வரை நீங்கள் செய்து, கடைசிக் கோட்டை பூத் இருக்கும் பட்டறையில் கொடுங்கள். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் கொடுத்தால் நல்லது. மழைக்காலத்தில் ஈரம் பட்டுப் பளபளப்பு மங்கும், மே மாதச் சூட்டில் பெயிண்ட் தகட்டில் பரவுமுன்னே காய்ந்து சொரசொரக்கும். குரோம் பம்பர் இருந்தால், கொலுசுக்குப் பாலிஷ் போடும் ஊர்தானே என்று பக்கத்துத் தெருவில் கொடுத்துவிடாதீர்கள். செம்பு, நிக்கல், அதன்மேல் குரோம் என்று மூன்று பூச்சும் போடுகிற, பம்பர் நீளத்துக்குத் தொட்டி வைத்திருக்கிற இடம் வேண்டும். உதிரிபாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் இரண்டுக்கும் நேரில் போங்கள், பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். போனில் "இருக்கு சார், வாங்க" என்பார்கள். போனால் அம்பாசடர் பாகத்தை நீட்டுவார்கள்.

வரிசை எப்படி என்று குழம்ப வேண்டாம். துரு, பிரேக், என்ஜின், ஒயரிங், பெயிண்ட், கடைசியில் உள்ளலங்காரம். ஒரு பகுதியைப் பிரித்தால் அதை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். மொத்தமாகப் பிரித்துப் போட்ட வண்டிகள்தான் ஆறு மாதத்தில் பழைய இரும்புக்குப் போகின்றன. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு இடத்தையும் போனில் படமெடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு எந்த இடம் என்று மேலே எழுதுங்கள். வண்டி எப்போதும் நாலு சக்கரத்தில் உருளும் நிலையில் இருக்கட்டும், ஷெட்டைக் கூட்டவாவது நகர்த்த வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்து எஃப்சி, இன்ஷூரன்ஸ் கையில் வந்ததும் உடனே பெரியப்பா வீட்டுக்கு ஏற்காடு கிளம்பத் தோன்றும். முதலில் ஓமலூர் வரை சமதளத்தில் போய்வாருங்கள். திரும்பி வந்ததும் நாலு சக்கரத்தின் நடுப்பகுதியையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹெட் கழற்றியிருந்தால் அதன் போல்ட்டுகளையும் டாப்பெட் என்கிற வால்வு இடைவெளியையும் ஒருமுறை சரிபாருங்கள். அதன் பிறகு மலை. ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். மேலே காற்று மெலிசு, கார்புரேட்டர் தானாகச் சரிசெய்துகொள்ளாது, கலவை கொழுத்து இழுவை கொஞ்சம் மந்தமாகும். அதற்காக அங்கே ஸ்க்ரூவைத் திருகி வைத்தால் சேலம் வந்ததும் கலவை மெலிந்து என்ஜின் சூடேறும், தொடாதீர்கள். இறங்கும்போது இரண்டாவது கியர், தேவைப்படும் இடத்தில் மட்டும் பிரேக். பெடல் பஞ்சுபோல் அமுங்க ஆரம்பித்தால் வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் ஓரம்கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும்.